விரலுக்கு வயது ஆறு மாதம்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இன்ஜினீயர் நீங்க, பியானோவைப் பத்தியா பேசப் போறீங்க?" என்று செயலாளர் கேட்டார். "கத்துக்கிட்டு இருக்கேன் சார், அதைத்தான் சொல்லப் போறேன்" என்றேன். முப்பத்தி நாலு வயதில் தொடங்கினேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வீட்டில் இருப்பது 61 கட்டை உள்ள சாதாரண கீபோர்டு. முழுப் பியானோவுக்கு 88 கட்டை.

கருவியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பன்னிரண்டே கட்டைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு கட்டைக்கும் அதிர்வெண் சுமார் 1.06 மடங்கு கூடும். பன்னிரண்டு தாண்டினால் சரியாக இரண்டு மடங்கு. நம் ஆட்களுக்கு இது ஒரு நாள் கணக்கு. ஆனால் கணக்குப் புரிந்தவுடன் கை வாசித்துவிடுவதில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

வலது கை தனியாக வரும். இடது கையும் தனியாக வரும். இரண்டையும் சேர்த்தால் எல்லாம் குழம்பும். என்னைப் போல் பெரியவர்களான பிறகு கற்க வந்த பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நம் காதுக்கு வயது முப்பத்தைந்து; நல்ல பாட்டாகக் கேட்டுப் பழகிய காது. விரலுக்கோ வயது ஆறு மாதம். விரல் வாசிப்பதைக் காதால் பொறுக்க முடிவதில்லை. வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பத்து வயசுப் பையனுக்கு இந்தத் தொல்லை இல்லை. தப்பாக வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த தடவை வாசிப்பான். அலுவலகத்தில் நாலு பேர் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். இங்கே ஒன்றும் தெரியாதவனாக உட்கார வேண்டியிருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்வதுதான் முதல் பாடம்.

இன்று காலை உங்களில் பலர் மாட்டுத்தாவணியில் இறங்கி வந்திருப்பீர்கள். பூ மார்க்கெட் பக்கம் மல்லிகை கட்டும் அம்மாக்களைப் பாருங்கள். வியாபாரம் பேசுகிறார்கள், சில்லறை எண்ணுகிறார்கள். கை கட்டிக்கொண்டே போகிறது. அந்த விரல்களும் ஒரு காலத்தில் தடுமாறித்தான் இருக்கும்.

நம் மண்ணிலேயே பெரிய உதாரணம் உண்டு. பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்து ஊர். அங்கே பிறந்த இளையராஜா 1968-ல் சென்னைக்குப் போனபோது அவருக்கு வயது 25. நாட்டுப்புறப் பாட்டும் மேடைக் கச்சேரியும் ஏற்கெனவே கைவந்தவர். அப்படிப்பட்டவர் தன்ராஜ் மாஸ்டரிடம் போய், மேற்கத்திய இசையை அடிப்படையிலிருந்து கற்றார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல்தான். 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தபோது அவருக்கு வயது 81. அந்த மேதைமை நமக்கு வராது, சரி. மாணவனாக உட்காரும் பணிவு வரலாம் அல்லவா?

எனக்குப் பயன்பட்ட சில வழிகளைச் சொல்கிறேன். கீபோர்டை உறை போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். மேஜைமேல் திறந்தே இருக்கட்டும். தினம் பதினைந்து நிமிஷம் போதும். ராத்திரி என்றால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் தூங்குகிறவர்கள் வாழ்த்துவார்கள். நாலு அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு பாதி வேகத்தில் வாசியுங்கள். தப்பில்லாமல் மூன்று தடவை வந்தபிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

மேற்கத்தியப் பாடம் அலுத்தால் சரளி வரிசை வாசியுங்கள். ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்தால் மாயாமாளவகௌளைக்கு ரிஷபமும் தைவதமும் மட்டும் கறுப்புக் கட்டை, மற்றதெல்லாம் வெள்ளை. இடது கை சுருதி போல ஷட்ஜமும் பஞ்சமமும் பிடிக்கட்டும். பியானோவில் கமகம் வராது. ஆனால் தெரிந்த ராகம் என்பதால் காதும் விரலும் சமாதானமாகும். இரண்டு கையும் சேர்ந்து பழகும்.

மாதம் முதல் தேதி செல்போனில் பதிவு செய்யுங்கள். இன்றைக்கும் நேற்றைக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவைக் கேட்டால் தெரியும். 2019-ல் பதிமூன்று வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் வென்ற நம் லிடியன் நாதஸ்வரத்தைக் கேட்டு மகிழுங்கள். ஆனால் உங்களை ஒப்பிட வேண்டியது உங்கள் பழைய பதிவோடுதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு வேலை கிடைக்கும், சம்பளம் வரும், கடன் தவணையும் கூடவே வரும். தெரிந்த வேலையையே செய்து செய்து, தெரியாத ஒன்றின் முன்னால் உட்காரும் பழக்கம் நம்மை விட்டுப் போய்விடும். இந்தக் கல்லூரி நமக்குக் கொடுத்ததே அந்தப் பழக்கத்தைத்தான். பியானோவோ, மிருதங்கமோ, வேறு மொழியோ, ஏதாவது ஒன்றில் எப்போதும் முதலாம் ஆண்டு மாணவராக இருங்கள்.