அட்டைப் பெட்டியில் ஒரு தோட்டம்



மளிகைக் கடையிலிருந்து பால் டின்னும் பிஸ்கட்டும் வந்த அட்டைப் பெட்டிகளை வீட்டில் என்ன செய்கிறீர்கள்? கோழி அடைகாக்க ஒன்று, பழந்துணி போட ஒன்று. மிச்சம் குப்பைக்குப் போகிறது. அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கொள்வார்கள். "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள். பாலம் உடைந்து கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஒருவர் நீந்துவேன் என்பார், இன்னொருவர் கயிறு தேடுவேன் என்பார். எண்ணியது கைகூடியதா என்பதைப் பகடை சொல்லும். இவ்விளையாட்டில் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைக் கரை சேர்க்கிறார்கள்.

இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974-ஆம் ஆண்டில் அதை மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1913-இல், ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் முறையைத் தனி நூலாக எழுதினார். அவர் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குன்று செய்தார், சுள்ளிகளை நட்டு மரமாக்கினார், தரையிலே சுண்ணக்கட்டியால் ஆறு வரைந்தார். கைகாக்ஸும் அப்படித்தான். ஹாங்காங்கில் செய்து பைபையாய் மலிவாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளில் விநோதமான சிலவற்றைப் பொறுக்கி வந்து மேசையில் வைத்தார். அவர் விளையாட்டின் பெயர்பெற்ற பூதங்கள் சில அந்த மலிவுப் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவைதாம். ஆகவே, இது காசுள்ளவர் வீட்டு விளையாட்டு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில் எட்டுப் பிள்ளைகளோடு நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். அந்தத் தோட்டத்தில் முன்பு பால்மரம் இருந்தது, இப்போது செம்பனை. பழைய லயங்களை இடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை.

முதல் நாள் ஒரு தவறு செய்தோம். வெளிநாட்டுப் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, ஒரு கோட்டையைச் செய்யச் சொன்னோம். பிள்ளைகள் அழகாகத்தான் செய்தார்கள். ஆனால் விளையாட்டு நடக்கவில்லை. கோட்டைக்குள் யார் இருப்பார், எந்தக் கதவு எங்கே போகும் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் தலையைச் சொறிந்தார்கள். மறுநாள் கோட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "உங்கள் தோட்டத்தையே செய்யலாமா?" என்று கேட்டோம். "பழைய தோட்டமா, புதுசா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பழையதையே செய்வது என்று முடிவாயிற்று. செய்முறையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

முதலில் அளவு. ஓர் அங்குலம் ஐந்தடி என்று வைத்துக் கொள்ளுங்கள். இவ்விளையாட்டுகளில் பெரும்பாலும் வழங்குவது இந்த அளவே. நிற்கும் ஆள் ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே வருவான். தோட்டம் முழுவதும் மேசையில் அடங்காதே என்று கேட்பீர்கள். அடங்காதுதான். லயத்துக்கும் ஸ்டோருக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தாராளமாகச் சுருக்கலாம். ஆனால் வாசலையும் சுவரையும் சுருக்கக் கூடாது. ஆள் நுழைய முடியாத வாசலைக் கண்டால் பிள்ளைகளின் நம்பிக்கை போய்விடும்.

அடுத்தது அட்டை. பெட்டி அட்டையை ஓரத்தில் பாருங்கள்: இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிந்த தாள் இருக்கும். 1856-இல் இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளின் உள்ளே வைப்பதற்காகத்தான் இந்த நெளிதாள் முதலில் உரிமை பெற்றது. பெட்டிக்கு வந்தது பிறகுதான். நெளியின் வாக்கில் அட்டை விறைப்பாக நிற்கும், குறுக்கே எளிதில் மடங்கும். ஆகையால் சுவர் வெட்டும்போது நெளி மேலிருந்து கீழாக வரும்படி வெட்டுங்கள். வெட்டும் வேலை பெரியவர்களுடையது. இரும்பு அடிக்கோலை வைத்து, அழுத்தாமல் மூன்று நான்கு முறை இழுத்து வெட்ட வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டப் போனால் அட்டை நசுங்கும், கத்தியும் வழுக்கி விரலைப் பார்க்கும்.

லயம் செய்வது சுலபம். ஆறு வீடுகள் கொண்ட லயம், வீட்டுக்குப் பத்தடி அகலம் என்று வைத்தால், நீளம் 12 அங்குலம். அறையும் அடுப்படியுமாக ஆழம் இருபதடி, அதாவது 4 அங்குலம். சுவர் உயரம் 2 அங்குலம். இடைச் சுவர்களை நிறுத்தி ஒட்டுங்கள். கூரையை மட்டும் ஒட்டாதீர்கள். அது தூக்கி எடுக்கும்படி இருந்தால்தான் ஆட்களை உள்ளே வைத்து ஆட முடியும்.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டையின் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, சில நிமிடம் பொறுத்து, மேல்தாளை மெல்ல உரித்தெடுங்கள். நெளி வெளியே தெரியும். சாம்பல் வண்ணம் பூசி, ஆங்காங்கே செம்மண் நிறத்தில் துருவைத் தொட்டு வைத்தால் அசல் தகரக் கூரைதான். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் நெளியைப் படுக்கை வாக்கில் வைத்து ஒட்டிவிட்டான். வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்த அவன் அப்பா சிரித்தார். "டேய், மழைத்தண்ணி எப்படிடா கீழ இறங்கும்? வீட்டுக்குள்ளதான் கொட்டும்," என்றார். முகட்டிலிருந்து இறவாரம் நோக்கி நெளி ஓட வேண்டும் என்பதை நாங்கள் சொல்ல மறந்திருந்தோம்.

பசைக்குக் கோதுமை மாவே போதும். ஒரு கோப்பை மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் நான்கு கோப்பை நீர் வரும்படி சேர்த்து, சிறு தீயில் கிளறிக் கொண்டே காய்ச்சுங்கள். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஈரம் பட்ட தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் மறுநாள் காலையில் அட்டை அப்பளம் போல் வளைந்திருக்கும். எங்கள் முதல் லயம் அப்படித்தான் ஆயிற்று. இரண்டு பக்கமும் தாள் ஒட்டி, கனமான பலகைக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் நேராக நிற்கும். ரப்பர் பாலும் நல்ல பசைதான். ஆனால் வெட்டிய பால் சில மணி நேரத்தில் கட்டியாகிவிடும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கடையில் அமோனியா சேர்த்து விற்கும் பால் பசையை வாங்கி, ஒட்ட வேண்டிய இரு பக்கமும் மெல்லிதாகத் தடவி, காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். அட்டை அதிகம் வளையாது. சன்னலைத் திறந்து வைத்துக் கொள்ளுங்கள்.

மேட்டு நிலத்துக்கு அட்டைகளை அடுக்க வேண்டும். பள்ளிப் புவியியல் பாடத்தில் சம உயரக் கோடுகள் என்று படிக்கிறார்களே, அதே கணக்கு. மூன்று மில்லிமீட்டர் அட்டை நான்கை ஒட்டினால் ஏறக்குறைய அரை அங்குலம், நம் அளவில் இரண்டரை அடி. அடுத்த அடுக்கைச் சற்றுச் சிறிதாக வெட்டி மேலே வையுங்கள். சரிவாகச் செய்தால் பார்வைக்கு அழகுதான், ஆனால் பொம்மைகள் சறுக்கி விழும். படிப்படியாக இருப்பதே நல்லது. ஆற்றுக்கு பிஸ்கட் பெட்டியின் மெல்லிய அட்டை போதும். நீலம் பூச வேண்டாம். மழைக்காலத்து ஆறு என்ன நிறத்தில் ஓடும் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

மரங்களைச் செய்தபோதுதான் எங்களுக்கே ஒரு விஷயம் புரிந்தது. பழைய தாளை உருட்டித் தண்டாக்கி, பச்சைத் தாளைக் கசக்கி உச்சியில் ஒட்டி, ஐம்பது மரம் செய்தோம். காட்டு மரம் போல் இறைத்து வைத்தால் ஒன்றும் இல்லை. பால்மரம் போல் நிரை பிடித்து வைத்ததும் விளையாட்டே மாறிவிட்டது. நிரையின் தலைப்பில் நிற்பவனுக்குக் கடைசி மரம் வரை தெரியும். இரண்டு நிரை குறுக்கே தாண்டி நிற்பவனைத் தெரியாது. நிரையோடு ஓடுவதா, குறுக்கே பதுங்கிப் போவதா என்று பிள்ளைகள் வாதாடத் தொடங்கினார்கள். மேசையில் எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு நாங்கள் அன்று முதல் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அது ஆடுபவரை ஏதேனும் ஒரு முடிவெடுக்க வைக்க வேண்டும். ஏறலாமா, ஒளியலாமா, கடக்கலாமா என்று கேட்காத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இடத்தை அடைக்கும், அவ்வளவே.

மூன்றாம் நாள் ஆடினோம். கதை இதுதான்: நள்ளிரவு, அடைமழை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பேறுவலி. மருத்துவச்சி அந்தப் பக்கம் இருக்கிறார். அவரை அழைத்துவர வேண்டும். பாலத்தை ஸ்டோருக்கு எதிரே வைத்திருந்தோம். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். "பாலம் இங்க இல்லப்பா. கோயிலுக்குக் கீழ," என்று சொல்லி, தாமே அதைத் தூக்கி இரண்டு சாண் தள்ளி வைத்தார். பிறகு பிரட்டுக் களத்தைக் காட்டி, அங்கே ஒரு பெரிய மரம் இருக்க வேண்டும் என்றார். ஆயாக் கொட்டகையை நாங்கள் மறந்தே போயிருந்தோம். அதையும் கேட்டார்.

அந்தப் பாட்டியின் பேரனுக்குப் பத்து வயது. இரண்டு நாளும் அவன் வாய் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டலோடு சரி. அவன் முறை வந்தது. மேசையைப் பார்த்தான். பாலத்தைப் பார்த்தான். பிறகு எங்களைக் கேட்காமல் பாட்டியைக் கேட்டான்: "பாட்டி, மழை பேஞ்சா ஆத்துல தண்ணி எவ்வளவு வரும்?"

பாட்டி கையை இடுப்பில் வைத்துக் காட்டினார். "பாலம் முங்கிடும்," என்றார்.

"அப்போ பாலத்துல போகல. ஸ்டோர்ல காலி டிரம் இருக்கும்ல? அதைக் கட்டிப் போறேன்."

பகடையை உருட்டினான். நான்கும் அதற்கு மேலும் வந்தால் வெற்றி என்று வைத்திருந்தோம். மூன்று விழுந்தது. டிரம் ஆற்றோடு போயிற்று. பிள்ளைகள் 'ஐயோ' என்றார்கள். மருத்துவச்சி வந்து சேரவில்லை, இப்போது என்ன செய்வது என்று கேட்டோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பாட்டிதான் சொன்னார். "அன்னைக்கும் வந்து சேரலை. எங்கம்மாதான் விளக்கைப் பிடிச்சிக்கிட்டுப் பார்த்தாங்க. உங்க பெரியப்பா அப்படித்தான் பொறந்தாரு."

"நம்ம ஈப்போ பெரியப்பாவா?" என்றான் பையன்.

"ஆமா. அந்த வீட்டுலதான்," என்று அட்டை லயத்தின் கூரையைத் தூக்கி, மூன்றாவது அறையைத் தொட்டுக் காட்டினார். அதன் பிறகு அன்றைக்கு விளையாட்டு நடக்கவில்லை. இந்த வீட்டில் யார், அந்த வீட்டில் யார் என்று பிள்ளைகள் கேட்க, பாட்டி சொல்ல, ஒரு சிறுமி ஒவ்வோர் அறையின் தரையிலும் பென்சிலால் பெயர் எழுதிக் கொண்டே வந்தாள். ஐந்தாவது வீட்டுக்குப் பாட்டிக்குப் பெயர் நினைவு வரவில்லை. அது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேயர்களே, நீங்கள் செய்யும்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒட்டி முடித்துவிடாதீர்கள். பாலம், மரம், கொட்டகை எல்லாம் நகர்த்தும்படி தனித்தனியாக இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களை மேசைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் நகர்த்தச் சொல்லும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

கடைசியாக, எடுத்து வைக்கும் முறை. நம் நாட்டு ஈரக் காற்றில் மாவுப் பசை பூஞ்சை பிடிக்கும். கரப்பான் பூச்சிக்கும் அது விருந்து. செய்த பொருள்களை இரண்டு நாள் நன்றாகக் காய வைத்து, மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியின் மேல் வையுங்கள். பூச்சி வராமலிருக்கப் பழைய காலத்தில் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பொருளுக்கு வேண்டாம். பெரிய லயத்தைக் கூரையோடு அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடலாம்.

மேசையில் நிற்க வைக்கும் ஆட்களைக் காகிதத்தில் செய்வது எப்படி என்பதை அடுத்த கிழமை பார்ப்போம். அதற்கு ஒரு பழைய நாட்காட்டியின் தடித்த தாளை எடுத்து வைத்திருங்கள்.

வணக்கம்.