வானூர்தியின் மேற்பூச்சு



பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், கோடை விடுமுறைதோறும் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். பூச்சு என்பது அழகுக்கே என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வானூர்திகளின் பூச்சைப் பற்றிப் படித்த பின்னரே அவ்வெண்ணம் மாறியது.

தரையில் 40 பாகை வெயில். ஏறிய அரைமணியில் உறைநிலைக்குக் கீழே 50 பாகைக் குளிர். உயரே செல்லச் செல்லப் புறஊதாக் கதிர்கள் மிகும். மழைத்துளிகள் அம்பெனப் பாயும். ஊர்தியின் இறக்கைப் பகுதிகளை இயக்கும் நீர்மமோ சாதாரண வண்ணத்தைக் கரைத்தே விடும். இத்தனையையும் தாங்குவது, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே கனமுள்ள ஏடு! அடியில் எபாக்சி, மேலே பாலியூரிதேன். பின்னதில் இரு நீர்மங்களைப் பூசுவதற்குச் சற்று முன்னரே கலப்பர். கலந்தபின் அவற்றின் மூலக்கூறுகள் வலையின் முடிச்சுகளைப் போல ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதனால்தான் அவ்வேடு எளிதில் கரைவதில்லை.

உடல் அலுமினியமாக இருந்தவரை, பூச்சே இன்றியும் பறக்க முடிந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஊர்திகளை மெருகேற்றிய வெள்ளித் தோற்றத்திலேயே நெடுங்காலம் ஓட்டியது. கரிநாரால் ஆன உடலை அவ்வாறு மெருகேற்ற இயலாது. 2013இல் அந்நிறுவனமும் வண்ணம் பூசத் தொடங்கியது.

கரிநாருக்கு மற்றொரு குறையும் உண்டு. அலுமினியத்தைப்போல அது மின்சாரத்தை நன்கு கடத்தாது. ஆகவே பூச்சுக்கு அடியில் மெல்லிய செம்பு வலை ஒன்றைப் பதிக்கின்றனர். மின்னல் தாக்கினால் மின்சாரம் அவ்வலையில் பரவிச் சென்றுவிடும். ஆனால் வெப்பத்தில் செம்பு விரியும் அளவு வேறு, கரிநார் விரியும் அளவு வேறு. இவ்விரண்டின் இழுபறிக்கும் இடையே பூச்சு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்!

கத்தார் ஏர்வேஸின் ஏர்பஸ் ஏ350 ஊர்திகளில் பூச்சு வெடித்து உரிந்தது. சில இடங்களில் செம்பு வலையும் வெளியே தெரிந்தது. 2021இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அதிகாரிகள் 20க்கும் மேற்பட்ட ஊர்திகளைப் பறக்கவிடாமல் நிறுத்தினர். மேற்பரப்பு பழுதுற்றதை ஏர்பஸ் ஒப்புக்கொண்டது. ஆயினும் பறப்பதற்கு ஆபத்தில்லை என்றது. ஐரோப்பிய வான்பாதுகாப்பு முகமையும் அவ்வாறே கருதியது. அவ்வாண்டு டிசம்பரில் வழக்கு இலண்டன் நீதிமன்றத்தை அடைந்தது. முகமையின் சொல்லைத் தள்ள நான் யார்? எனினும், மின்னலுக்கான காப்பை மூடிநிற்கும் ஏட்டை வெறும் தோற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2023 பிப்ரவரி 1ஆம் நாள் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். அது எவருடைய குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாகாது என்றும் அறிவித்தனர். ஊர்திகள் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறக்க வழி பிறந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்திப் பழகியவன் நான். இந்த ஒரு தாள் மதிப்பெண் இடப்படாமலே கட்டிவைக்கப்பட்டது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.