வேலியும் வாயிலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் சொற்பொழிவாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, பணி மாற்றலாகி இவ்வெல்லைப் புறத்திற்கு வந்து, இரயில் நிலையத்தில் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் எழுத்தன். "சிங்கப்பூர் சென்று வந்தீரே, கண்டதைக் கூறும்" என்று செயலாளர் பணித்தார். வானளாவிய மாளிகைகளைப் பற்றிப் பேசுவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்ததோ ஒரு பூங்காவைப் பற்றி. அதிலும் அங்கு உலவிய நாய்களைப் பற்றி. சிரிக்க வேண்டா, காரணம் உண்டு.

மூன்றாண்டுகளுக்கு முன், என் இளைய மகள் பள்ளி விட்டு வரும் வழியில் தெருநாய் ஒன்று அவள் கணைக்காலைக் கவ்விவிட்டது. அப்போது அவளுக்கு எட்டு வயது. வீட்டுப் பெரியவர்கள் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக்கொண்டு ஓடி வந்தனர். அடுத்த வீட்டு மலையாளத்து அம்மையார், செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், அவர்களைத் தடுத்தார். பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தி, சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவினார். உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். ஊசிகள் முடிந்தன. புண் ஆறிற்று, அச்சம் ஆறவில்லை. என் கையைப் பற்றாமல் அவள் வாயிற்படி தாண்டுவதில்லை. இரவில் நாய் குரைத்தால் விழித்தழுவாள். "நாய்களையெல்லாம் ஒழித்தால்தான் நாம் வாழலாம்" என்று நானும் பலரிடம் சொல்லித் திரிந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் அழைப்பை ஏற்றுச் சிங்கப்பூர் சென்றோம். அவள் வீட்டிற்கு அண்மையில் பீஷான்–அங் மோ கியோ பூங்கா இருக்கிறது. பரப்பு 62 ஹெக்டேர். அதன் ஓரமாகக் காலாங் ஆறு முன்னர் 2.7 கிலோமீட்டர் நீளக் காங்கிரீட்டுக் கால்வாயாக, நேர்கோடாய் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்நாட்டின் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் கூடி அச்சுவரை உடைத்து, கல்லும் செடியும் கொண்டு கரையமைத்து, ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டன. 2012-இல் அது மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. கரையோரம் நடந்தால் கொக்கும் தும்பியும் காணலாம். நீர்நாய்க் குடும்பங்களும் அவ்வாற்றிற்கு வந்து வாழ்ந்திருக்கின்றன. அதற்கும் நம் தமிழ் நாய் என்றே பெயர் சூட்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள்!

அப்பூங்காவினுள் நாய்களுக்கென வேலியிட்ட திடல் ஒன்று உண்டு. அதற்குள் மட்டுமே நாயை அவிழ்த்து விடலாம். மற்றப் பாதைகளிலெல்லாம் கயிறு உரியவர் கையில் இருக்க வேண்டும். நாயின் கழிவையும் அவரே அள்ளிச் செல்ல வேண்டும். வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். உடலில் அடையாள நுண்சில்லும் பொருத்தப்பட வேண்டும். அத்தீவில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோயே இல்லை.

முதல் நாள் மாலை, என் மகள் அத்திடலைக் கண்டதும் என் முதுகுக்குப் பின் ஒளிந்தாள். மறுநாள் வேலியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் வேலிக் கம்பியைப் பற்றி நின்றாள். சீன முதியவர் ஒருவர் தம் சிறு நாயை வெளியே அழைத்து வந்து, கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு, சைகையால் "தொடுகிறாயா?" என்று வினவினார். நெடுநேரம் தயங்கி, ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டாள். "அப்பா, வெதுவெதுப்பாக இருக்கிறது" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

அன்றிரவு சிந்தித்தேன். எத்தனை அறிவுரை கூறியும் போகாத அச்சம் எப்படிப் போயிற்று? அங்குள்ள நாய்கள் பிறவியிலேயே நல்லவையா? அல்ல. ஒவ்வொன்றிற்கும் உரிய இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிற்கும் பொறுப்பான ஒரு மனிதர் இருக்கிறார். பகையினால் எழுப்பிய வேலியன்று அது, வாயிலுள்ள வேலி. அந்த வேலி இருந்தமையால்தான் என் மகள் அஞ்சாமல் அருகே வந்தாள்.

இம்முறை விலங்கிற்கும் காவலாகும். கிர் காட்டில் 2018-இல் 23 சிங்கங்கள் மாண்டபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய்க் கிருமி அவற்றுள் காணப்பட்டது. நம் வட்டத்திற்குப் பெயர் தந்த நெய்யாற்றின் மேற்பகுதியில் 1958 முதல் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அக்காட்டின் நலத்திற்கும் ஊர்நாய்களுக்குத் தடுப்பூசி இடுவது நன்று.

நாயை வெறுப்பதும் தமிழர் மரபன்று. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. வீரனுக்கு எழுப்பிய அக்கல்லில், கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே வேளையில் வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது என்பதையும் மறத்தல் ஆகாது. 1885-இல் பாஸ்டர் அதற்குத் தடுப்பூசி கண்டார். 1907 முதல் நம் குன்னூரிலேயே அதற்கான நிலையம் இயங்கி வருகிறது. மருந்து கையிலிருந்தும் பிள்ளைகளை இழப்போமானால் அது விதியன்று, நம் அசட்டையே.

"அது செல்வ நாடு, நம்மால் இயலுமா?" என்பீர்கள். ஐதராபாத்தின் கொண்டாப்பூரில், முன்பு குப்பை கொட்டிய சுமார் 1.3 ஏக்கர் நிலத்தை, 2018-இல் மாநகராட்சி நாய்களுக்கான பூங்காவாக்கியது. நாம் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. நம் சங்கக் கட்டடத்தின் பின்னேயுள்ள காலி மனையில் இன்று குப்பை குவிகிறது. குப்பையைத் தேடியே நாய்களும் கூடுகின்றன. அதை அகற்றி, நான்கு மரம் நட்டு, பிள்ளைகள் நடக்க ஒரு பாதை அமைப்போம். ஒரு மூலையில் கம்பிவேலி இட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகள் வைத்து, வளர்ப்பு நாய்களுக்கு விடுவோம். உலக வெறிநாய்க்கடி நோய் நாளான செப்டம்பர் 28-இல் ஆண்டுதோறும் கால்நடை மருத்துவரை அழைத்துத் தடுப்பூசி முகாம் நடத்துவோம். மலையாள அண்டை வீட்டாரையும் அழைப்போம். என் பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தியவர் அவர்களுள் ஒருவரே.

எல்லை என்பது நமக்குப் புதிதன்று. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீசுவரமும் தமிழகம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் அன்று புண்பட்ட உள்ளங்கள் பல. ஆயினும் களியக்காவிளைச் சந்தைக்கு இரு புறத்தாரும் வந்தனர். பெண் கொடுத்தனர், கொண்டனர். கோடு இருந்தது, வாயிலும் இருந்தது. அதனாலன்றோ நாம் இங்கு அச்சமின்றி வாழ்கிறோம்? அந்த அறிவை நம் தெருவிற்கும் பயன்படுத்துவோம்.

என் மகள் இப்போது தனியே பள்ளிக்குச் செல்கிறாள். தெருமுனையில் நாயைக் கண்டால் ஓடுவதில்லை. நின்று, ஒதுங்கி, நடந்து போகிறாள். இந்தத் துணிவு நம் குடியிருப்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மனையைத் துப்புரவு செய்யும் முதல் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியுடன் வந்து நிற்கிறேன்.  வணக்கம்.