பெயரும் பொறுப்பும்



விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் 1970ஆம் ஆண்டு சிமெண்ட் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. 1976இல் உருவான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தைச் சேர்ந்த அவ்வாலையின் சிமெண்ட் 'அரசு' எனப் பெயர் பெற்றது. அது பொதுமக்களின் சொத்து என்பதை அப்பெயரே உணர்த்திற்று. 2021இல் அக்கழகம் 'வலிமை' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டது. இது பொருளின் குணத்தைச் சொல்லும் பெயர்.

அதே மாவட்டத்து இராஜபாளையத்தைச் சேர்ந்த பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1957இல் தொடங்கிய நிறுவனம் 'மெட்ராஸ் சிமெண்ட்ஸ்'. அன்று மாநிலத்தின் பெயரும் மெட்ராஸ்தான். 2013இல் அது நிறுவனரின் பெயரை நினைவூட்டும் 'ராம்கோ சிமெண்ட்ஸ்' ஆயிற்று.

சிவகாசியிலோ முறை தலைகீழ். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். எழுத்தறியாதவரும் அடையாளம் காணும் அணிலும் காக்கையும் அவர்தம் சின்னங்களாயின. நாளடைவில் சின்னமே மனிதருக்கு அடைமொழியாகி, 'காக்கா' சண்முக நாடார் என்றே ஊரார் அழைத்தனர்.

படத்தை நம்பிக் காசு கொடுத்த எளியவருக்குப் பெட்டிக்குள் நல்ல குச்சி இருந்தாக வேண்டும். அந்த நம்பிக்கையே பெயரின் முதல்.

நம் குடும்பங்கள் பாட்டனார் பெயரையும் தீர்த்தங்கரர் திருப்பெயரையும் கடைகளுக்குச் சூட்டுகின்றன. கள்ளாமை என்னும் அணுவிரதம் பொய்யளவையைக் குற்றமெனக் கூறுகிறது. தராசு தாழ்ந்தால், பலகையில் உள்ள திருப்பெயருக்கும் இழுக்கு. பெயர் சூட்டுவோர் அதனை மறவாதிருப்பாராக.