நோயாளியின் கட்டிலருகே ஒரு தொலைபேசி

(கெடா தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், லீவு, வீடு ஆகியவை பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று, மருத்துவமனையில் படுத்திருப்பவரும் வீட்டில் காத்திருப்பவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள ஆகும் செலவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இதைச் சின்ன விஷயமென்று தள்ளிவிடக் கூடாது. பாலிங், குவாலா கெட்டில் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கடும் நோயில் விழுந்தால், சுங்கைப் பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ கொண்டுபோகிறார்கள். வீட்டுக்காரி தினமும் போய்ப் பார்க்க முடியுமா? மரம் வெட்டப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். பஸ் கூலி வேறு. தொலைபேசிதான் அவர்களுக்குள்ள ஒரே துணை. அந்தத் துணைக்கும் கொள்ளை விலை வைத்தால் என்னவாகும்? இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம், 2004-க்குள் பெரிய மருத்துவமனைகளில் கட்டிலுக்குக் கட்டில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் இருக்கும் என்று வாக்களித்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் கருவிகளைப் பொருத்தும் செலவைத் தனியார் கம்பெனிகளே ஏற்கவேண்டும், போட்ட முதலை நோயாளியிடமும் உறவினரிடமும் வசூலித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவற்றுள் பெரியது பேஷண்ட்லைன் என்ற கம்பெனி.

வெளியிலிருந்து நோயாளியை அழைத்தால் நிமிடத்துக்கு 49 பென்ஸ். மாலையிலும் வார இறுதியிலும் 39 பென்ஸ். அழைத்தவுடன் நோயாளியின் குரல் கேட்காது. முதலில் பதிவுசெய்த அறிவிப்பு ஒன்று ஓடும். அதற்கும் காசு ஓடும். பத்து நிமிடம் பேசினால் ஏறக்குறைய 5 பவுன். அன்றைய மாற்று விகிதத்தில் 30 வெள்ளிக்கு மேல். நம் அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் நாளுக்கு 3 வெள்ளி. இங்கே பத்து நாள் படுக்கைக்குக் கட்டும் பணம் அங்கே பத்து நிமிடப் பேச்சில் கரைந்தது!

மக்கள் கூக்குரலிட்டார்கள். 2005-இல் தொலைத்தொடர்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் விசாரணை தொடங்கியது. 2006 ஜனவரியில் அது சொன்ன முடிவு கவனிக்கத்தக்கது. கம்பெனியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கட்டிலுக்குக் கட்டில் விலையுயர்ந்த கருவி வைக்கவேண்டும் என்ற நிபந்தனையும், அரசாங்கமும் மருத்துவத் துறையும் செய்துகொண்ட ஒப்பந்தங்களுமே விலையை ஏற்றின என்றது. விஷயம் சுகாதார இலாகாவிடமே திரும்பிப் போயிற்று. அதன் பிறகும், 2007-இல் நோயாளி வெளியே பேசும் கட்டணம் நிமிடத்துக்கு 10 பென்ஸிலிருந்து 26 பென்ஸாக உயர்ந்தது. அப்படி உயர்த்தியும் கம்பெனி நிமிரவில்லை, 2008-இல் கைமாறியது.

கிராணிமார்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. ஒரு பேரேட்டிலிருந்து செலவு மறைந்தால், அது இன்னொருவர் பேரேட்டில் ஏறியிருக்கும். அரசாங்கத்துக்கு மிச்சமானது, கவலையோடு தொலைபேசியை எடுத்த தாயின் பையிலிருந்து போயிற்று. நோயாளி கடை மாறிச் சரக்கு வாங்கமுடியாது; அவர் கட்டிலோடு கட்டுண்டவர். அப்படிப்பட்டவரிடம் ஒரே வியாபாரியை விட்டால் விலை ஏறத்தான் செய்யும்.

நம் நாட்டிலும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்க மருத்துவமனைகளின் சலவை, துப்புரவு போன்ற வேலைகள் தனியார் கம்பெனிகளிடம் இருக்கின்றன. அதற்கான பணத்தை அரசாங்கம் கொடுக்கிறது. போர்வை துவைத்ததற்கு நோயாளியிடம் காசு கேட்பதில்லை. அந்த வழக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. வார்டில் கட்டிலுக்கருகே கைத்தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும். கையில் தொலைபேசியில்லாத நோயாளி, சேர்ந்த அன்றும் வார்டு மாற்றிய அன்றும் வீட்டுக்கு இலவசமாக ஒருமுறை பேச வசதி வேண்டும். தோட்ட ஆபீசுக்குச் செய்தி வந்தால் அன்றே லயத்து வீட்டில் சேர்ப்பிக்க வேண்டும். நாளைக்கு எந்தக் கம்பெனி எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும், வெளியில் உள்ள சாதாரணக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. தோட்டத்தில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், கிளைச் செயலாளர் வார்டின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அன்றே குறித்துக்கொள்ளட்டும். அவர் தொலைபேசியில் காசு தீர்ந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து போட்டுவிடுவோம். மருந்து உடம்பைத் தேற்றும். பிள்ளையின் குரல் மனத்தைத் தேற்றும். இரண்டும் ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கவேண்டும்.