கவனம் கடைமடை சேர வேண்டும்

(திண்டுக்கல் வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவை பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதிது. இவை அனைத்தையும் நடத்திச் செல்லும் மனத்தைப் பற்றியும், அம்மனம் ஒன்றில் நிலைத்து நிற்கத் தியானம் எவ்வாறு துணை செய்யும் என்பதைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறோம்.

நம் பிழையிலிருந்தே தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணிபுரிந்த ஓர் ஊரில் குறைகேட்புக் கூட்டம் நடந்தது. முதியவர் ஒருவர் எழுந்து, குடிநீர்த் தொட்டியருகே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்றார். நாம் தலையசைத்தோம். கண்ணோ மடியிலிருந்த கைப்பேசியில் இருந்தது. காதில் விழுந்த சொல் குறிப்பேட்டில் ஏறவில்லை. நான்காம் நாள் அக்கம்பி பட்டு ஒரு கறவை மாடு மாண்டது. மாட்டுக்குரியவர் ஒரு கைம்பெண். அந்தப் பாலில்தான் அவர் குடும்பம் நடந்தது. "அன்றைக்கே சொன்னேனே ஐயா" என்று அம்முதியவர் கூறியபோது நம்மிடம் மறுமொழி இல்லை. மாட்டுக்குப் பதில் ஒரு குழந்தை அவ்வழியே சென்றிருந்தால்? பணமோ திட்டமோ இல்லாமையால் நேர்ந்த கேடன்று அது. கவனம் இல்லாமையால் நேர்ந்தது.

மனம் அலைவது ஒருவர் இருவருக்கு மட்டும் உள்ள குறையன்று. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 2,250 பேரிடம் அவ்வப்போது கைப்பேசி வழியே, "இப்போது நீர் செய்யும் வேலையில்தான் உம் மனம் இருக்கிறதா?" என்று கேட்டறிந்தனர். ஏறத்தாழ 47 விழுக்காடு வேளைகளில் மனம் வேறெங்கோ இருந்தது. மடையில் திறந்துவிட்ட நீரில் பாதியை எலிவளைகள் குடித்துவிட்டால் கடைமடைப் பயிர் என்னாகும் என்பதை உழவர்களாகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கவனம் என்பது உங்களுக்குத் தெரியாத பொருளும் அன்று. நிலக்கோட்டைப் பக்கத்தில் விடியுமுன் மல்லிகை பறிக்கும் பெண்கள், இன்று பறிக்க வேண்டிய மொட்டு எது, நாளைக்கு விட வேண்டியது எது என்று விரல் நுனியால் அறிகின்றனர். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்பவர், உள்ளுறுப்பை அரத்தால் இழைக்கும்போது கை சிறிது பிசகினாலும் சாவி திரும்பாது. அங்கெல்லாம் கைத்தொழில் மனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படும்போது கைக்கு வேலையில்லை. மனம் கயிறறுத்த கன்றாகி விடுகிறது. கை ஓய்ந்திருக்கும் வேளையிலும் மனத்தைக் கட்டி வைக்க ஒரு முளை வேண்டும். நம் மூச்சே அந்த முளை.

இவ்வழி நம்மிடம் வந்து சேர்ந்த வரலாறு கேட்கத்தக்கது. பர்மாவில், இரங்கூனுக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரில் சாயா தெட்ஜி என்னும் நெல் உழவர் வாழ்ந்தார். அவரிடம் 1937-ஆம் ஆண்டில் தியானம் கற்கச் சென்றவர் ஊ பா கின் என்னும் அரசாங்கக் கணக்கு அலுவலர். உழவர் ஆசானாக, அதிகாரி மாணாக்கரானார். 1948-ஆம் ஆண்டு பர்மா விடுதலை பெற்றபோது ஊ பா கின் அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். தம் அலுவலகத்துப் பணியாளருக்கும் தியானம் கற்பித்தார். அவரிடம் பயின்ற வணிகர் எஸ். என். கோயங்கா 1969-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து பயிற்சி முகாம்களைத் தொடங்கினார்.

அம்மரபைச் சேர்ந்த 'தம்ம மதுரை' என்னும் விபாசனா தியான மையம் நம் காந்திகிராமத்தை அடுத்த செட்டியபட்டியிலேயே இருக்கிறது. அங்குப் பயிற்சி 10 நாள். காலை 4 மணிக்கு எழ வேண்டும், பேச்சில்லை, கைப்பேசியில்லை. முதல் மூன்று நாள்களும் மூக்கின் வாயிலில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பது ஒன்றே வேலை. கட்டணம் கிடையாது, முன்பு பயின்றோர் தரும் நன்கொடையால் நடைபெறுகிறது. இது புத்தர் பெருமான் வழிவந்த முறையேயாயினும், எச்சமயத்தாரும் தத்தம் சமயத்தில் இருந்தவாறே கற்கலாம். மூச்சுக்குச் சாதியில்லை, கட்சியுமில்லை.

பத்து நாள் ஒதுங்க எல்லோராலும் இயலாது. வீட்டிலேயே தொடங்குதற்குரிய எளிய முறையைக் கூறுவோம். விடியற்காலையில் பாயிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து அமருங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கவோ நீட்டவோ வேண்டாம். அது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கு நுனியில் உணருங்கள். சிறிது நேரத்தில் மனம் மோட்டாருக்கும் சந்தைக்கும் கடனுக்கும் ஓடிவிடும். ஓடியதை அறிந்தவுடன் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கு அழைத்து வாருங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை அழைத்து வாருங்கள். ஓடாதிருப்பதன்று, திரும்ப அழைப்பதே பயிற்சி. தொடக்கத்தில் 10 நிமிடம் போதும். ஆனால் ஒரு நாளும் விடலாகாது.

இதனால் பயனுண்டா என்று கேட்பீர்கள். 2007-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சீனத்துக் கல்லூரி மாணவர் 40 பேர் நாளொன்றுக்கு 20 நிமிடம் வீதம் 5 நாள் ஒருவகைத் தியானம் பயின்றனர். வேறு 40 பேர் உடலைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் செய்தனர். கவனத்தைச் சோதித்தபோது தியானம் பயின்றவரே மேம்பட்டிருந்தனர். ஆயினும் இது மந்திரமன்று. உறக்கமின்மைக்கு உறக்கமே மருந்து. மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

நாமும் அந்த மாடு மாண்ட ஆண்டிலிருந்து காலையில் 10 நிமிடம் அமர்ந்து வருகிறோம். மனம் இன்றும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஓடியதை முன்னைவிட விரைவில் அறிகிறோம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, கூட்டம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் அனைவரும் பேசாது அமர்ந்து மூச்சைக் கவனியுங்கள். இரண்டாவது, கூட்டம் முடியும் வரை கைப்பேசிகளை ஒரு கூடையில் இட்டு வையுங்கள். மூன்றாவது, ஒருவர் குறை சொல்லி முடித்ததும், "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று அதை அவருக்கே திரும்பச் சொல்லி, அவர் ஆம் என்ற பிறகே எழுதிக்கொள்ளுங்கள். இம்மூன்றுக்கும் அரசாங்க நிதி வேண்டியதில்லை, ஆணையும் வேண்டியதில்லை.

உழவர் பெருமக்களும் பூச்சிமருந்துக் குப்பியைத் திறக்குமுன், மோட்டார் விசையைத் தொடுமுன், மூன்று மூச்சு நின்று கவனித்துப் பிறகு கையை நீட்டுங்கள்.

கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் சொல்லும் நம் குறிப்பேடு வரை வந்து சேர வேண்டும். அதற்கான பயிற்சியை நாளை விடியலிலேயே தொடங்குவோமாக.