திருவாதிரை விண்மீன்



திருக்குடமுழுக்குக் கண்டு மகிழ்ந்த இந்நன்னாளில், ஆடவல்லானுக்குரிய ஆதிரை விண்மீனைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். ஆதிரை நாளைப் போற்றும் நம்மிற் பலர் அம்மீனைக் கண்டதில்லை.

மார்கழித் திங்களில் மாலை மயங்கியபின் கீழ்வானை நோக்குங்கள். ஒரே வரிசையில் மூன்று மீன்கள் தோன்றும். அவற்றிற்கு வடபால் செந்தழல்போல் ஒளிர்வதே ஆதிரை. நள்ளிரவில் அது ஏறக்குறைய நம் தலைக்கு மேலே வந்து நிற்கும். மேலைநாட்டார் அதனைப் பீட்டல்ஜூஸ் என்பர்.

1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில், மைக்கல்சன், பீஸ் என்னும் அறிஞர்கள் இதன் விட்டத்தை அளந்தனர். சூரியனையன்றி வேறொரு விண்மீனின் விட்டம் அளக்கப்பட்டது அதுவே முதன்முறை. சூரியன் இருக்குமிடத்தில் இதனை வைப்பின், பூமியும் செவ்வாயும் இதன் வயிற்றினுள் அடங்கிவிடும்!

இத்தகைய பெருமீன் 2019ஆம் ஆண்டின் இறுதியில் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்களவே எஞ்சியது. "ஐயா, ஆண்டவன் நட்சத்திரமே அணைந்துவிடுமோ?" என்று மூதாட்டியார் ஒருவர் என்னிடம் கலங்கி வினவினார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் ஆய்ந்தோர் காரணம் கண்டனர். விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து ஒரு பெருந்திரளை உமிழ, அது குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் இடையே திரையாயிற்று. ஏப்ரல் அளவில் ஒளி மீண்டது.

ஆயினும் அந்த அம்மையாருக்கு உண்மையை மறைத்தல் தகாது. ஆதிரையும் ஒருநாள் அழியும். சூரியனுக்கு வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள்; இதற்கோ ஒரு கோடி அளவே. எனினும் பேருடல் படைத்தது ஆதலின் தன் எரிபொருளை விரைந்து செலவிட்டுவிட்டது. இன்னும் ஓரிலட்சம் ஆண்டுகளுக்குள் அது வெடித்துச் சிதறக்கூடும் என்பர். 500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளதால் நமக்குத் தீங்கில்லை.

அச்சிதறல் வீணன்று. நம் கூத்தப்பெருமான் திருமேனியிலுள்ள செம்பு எங்கே பிறந்தது? சூரியன் தோன்றுமுன்பே வாழ்ந்து மறைந்த இத்தகைய பெருமீன்களின் உள்ளேதான் உலகிலுள்ள செம்பின் பெரும்பகுதி விளைந்தது. அவை தம்மையே ஈந்தன. நாம் திருமேனி வார்த்தோம்.

திருப்பணிக்கு வாரி வழங்கிய பெருமக்களே! வரும் மார்கழியில் தரிசனத்திற்குப் புறப்படுமுன் ஒருகணம் வானத்தை அண்ணாந்து பாருங்கள். ஈந்து மறைவோர் அழிவதில்லை என்பதற்கு அங்கேயும் ஒரு விளக்கு எரிகின்றது.